பிரிட்டனில் ஸ்பீட்வே கிளப்புகள் ஏன் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன?

ஸ்பீட்வே என்பது பிரேக்கே இல்லாத, ஒரே கியர் கொண்ட 500 சிசி பைக்குகளில் நான்கு பேர் மண் தடத்தை நான்கு முறை சுற்றும் பந்தயம். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்புவார்கள்; தெறிக்கும் மண் வேலியோரம் நிற்பவர்கள் மேல் வந்து விழும்.

சிக்கலின் வேர் இடம்தான். பல கிளப்புகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. வாடகைக் கட்டடத்தில் ஓட்டல் நடத்துவது மாதிரி: வியாபாரம் நன்றாக நடந்தாலும், கட்டடக்காரர் இடத்தைக் கேட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். கவென்ட்ரி 2016-க்குப் பின் பிராண்டன் மைதானத்தை இழந்தது. வுல்வர்ஹாம்ப்டன் 2023-இல் நாய்ப்பந்தய மைதானத்தை விட்டு வெளியேறியது. இரண்டுமே பழம்பெரும் கிளப்புகள், இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம் மழை: தடம் ஊறிப்போனால் பந்தயம் ரத்து, அன்றைய டிக்கெட் வருமானமும் போச்சு.

ரசிகர்கள் இல்லாததால்தான் மூடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் 2007-இல் நின்றுபோன ஆக்ஸ்போர்டு, மைதானம் மீண்டும் திறந்ததும் 2022-இல் திரும்பி வந்தது.