வாசகர் கேள்விகள்: வாயால் சொல்வான், கையால் எழுதமாட்டான்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மகன் தரம் 5. எங்கள் கடலில் திமிங்கிலம் ஏன் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது என்று கேட்டால், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கிடக்கும் கடலடிப் பள்ளத்தாக்கில் தொடங்கி அரை மணித்தியாலம் விளக்குவான். அதையே எழுதச் சொன்னால் மூன்று வரி, அதிலும் பாதி பிழை. "கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி" என்கிறார்கள். புலமைப்பரிசில் வருகிறது. ரியூசனைக் கூட்டவா?

கூட்ட வேண்டாம், அம்மா. மிகுந்த அறிவும் வாசிப்பு எழுத்து இடரும் (டிஸ்லெக்ஸியா என்பது அதுதான்) ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். அப்படியிருந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். தெரியாத சொல்லை இடம் பார்த்து ஊகித்துத் தப்பிக்கொள்வான். புள்ளி நடுத்தரமாக நிற்கும். திறமையும் கண்ணில் படாது, இடரும் படாது. சோம்பேறி என்ற சொல்லை வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தை நல வைத்தியரிடம், அவனது பழைய கொப்பிகள் இரண்டையும் அவன் பேசிய ஐந்து நிமிட ஒலிப்பதிவையும் கொண்டுபோங்கள். அந்த இடைவெளியை நீங்கள் விளக்குவதைவிட அவையே நன்றாகக் காட்டும். நுண்ணறிவுச் சோதனை செய்தால் மொத்த எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். வெக்ஸ்லர் சிறுவர் அளவை என்ற நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100. சொல்லறிவில் 130உம் செய்யும் வேகத்தில் 85உம் எடுத்த பிள்ளைக்கு மொத்த எண் எதையும் சொல்லாது. பகுதிவாரியான எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வேலை தமிழ் எழுத்திலிருந்தே தொடங்கவேண்டும். 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் உயிர்க்குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் ஒலித்துப் போகும் பிள்ளை இங்கேதான் தடுமாறும். எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனி அட்டைகளாக வெட்டுங்கள். 'க்' ஒலியை முதலில் சொல்லட்டும், 'எ' சேர்க்கட்டும், அதன் பிறகுதான் கொம்பு அட்டையை இடப்பக்கம் வைக்கவேண்டும். நாளுக்கு ஐந்து சொல், பத்து நிமிடம் போதும். ல-ள, ர-ற, ன-ண போன்றவற்றில் வாரத்துக்கு ஒரு சோடி மட்டும். மூன்று சோடியையும் ஒரே நாளில் எடுத்தால் மூன்றும் குழம்பும்.

வாசிக்கும்போது வரி தவறுகிறானா? தடித்த அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமான துவாரம் வெட்டிப் புத்தகத்தின் மேல் நகர்த்துங்கள். துவாரத்தை ஒடுக்கமாக வெட்டினால் மேலே புள்ளியும் 'ி'யும், கீழே 'ு'வும் மறைந்து புதிய பிழைகள் வரும். எழுத்தின் உயரத்தைவிடச் சற்றுக் கூட விடுங்கள்.

கட்டுரைக்கு முதலில் பேசட்டும். கைபேசியில் பதிந்து, ஒரு வசனம் கேட்டு நிறுத்தி, அதை எழுதி, அடுத்ததைக் கேட்கட்டும். கருத்துக்கு ஒரு புள்ளி, எழுத்துக்கு வேறு புள்ளி. எழுத்து மோசம் என்று திமிங்கிலப் புத்தகத்தைப் பறித்து வைப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை. அவன் தன்னைக் கெட்டிக்காரனாக உணரும் இடம் அது ஒன்றுதான்.

மூதூரிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு 13 வயது. கணக்கை மனதிலேயே செய்துவிடுவாள். கொப்பியைத் தொலைப்பாள், பாடத்தில் யன்னலைப் பார்த்தபடி இருப்பாள். துள்ளித் திரிவதில்லை. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) இருக்குமா?

துள்ளாத பிள்ளைக்கும் இருக்கலாம். கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை உண்டு. யாருக்கும் தொந்தரவு கொடுக்காததால் பெண்பிள்ளைகளில் அது பெரும்பாலும் தவறிப்போகிறது. ஆனால் அடையாளங்கள் ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்கவேண்டும், வீடு, பாடசாலை என இரண்டு இடத்திலாவது காணப்படவேண்டும். ஒரு வகுப்பில் மட்டும் என்றால், பாடம் அவளுக்கு மிக இலகுவாக இருந்து சலிப்பூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். நித்திரைக் குறைவும் மனக்கவலையும் இதே தோற்றத்தைத் தரும். மருந்து தேவையா என்பதை நிபுணர்தான் தீர்மானிக்கவேண்டும். இப்போதைக்கு, மறுநாள் பையை இரவிலேயே அடுக்கி வாசலில் வைக்கச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "குளி, சாப்பிடு, படி" என்று சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டுமே நினைவில் நிற்கும்.

நகரப் பாடசாலை ஆசிரியை ஒருவர்: வகுப்பில் 40 பேர். இப்படியான ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக என்ன செய்ய முடியும்?

பத்துக் கணக்கை முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுக்காதீர்கள். அது அவனுக்குத் தண்டனை. அதே பாடத்தில் கடினமான ஒன்றைக் கொடுங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றுக் கிணறுகளிலும் ஏன் சூடு வேறுபடுகிறது, எப்படி அளந்து வரைபு கீறலாம் என்பது போல. கரும்பலகையில் இருப்பதை முழுக்கப் பார்த்தெழுத வைக்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள். முன் வரிசையில், கதவுக்குத் தூரமாக இருத்துங்கள். பொதுப் பரீட்சையில் மேலதிக நேரம் தேவைப்படும் என்றால், வைத்திய அறிக்கையுடன் அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். அதே மேலதிக நேரத்தைத் தவணைப் பரீட்சைகளிலும் கொடுத்து அவனைப் பழக்குங்கள். பழகாத பிள்ளை கிடைத்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரை மூடி வைத்துவிடும்.