பேர் இல்லாத கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவர். 2020 மே மாதம் ஒரு சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளின், பொறுப்பு என்னிடம் வந்தது. கொரோனாவால் கோயில் பூட்டிக் கிடந்த நாட்களில்தான் பொறுப்பேற்றேன். இப்போது திறந்துவிட்டோம், ஆனால் பாதிப் பேர் திரும்பவில்லை. வீட்டில் இருந்தபடியே யூடியூபில் ஆராதனை பார்த்துப் பழகிவிட்டார்கள். வாலிபர்கள் சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் சபைத் தேர்தல், நிலம், வழக்கு என்று கட்சி கட்டி நிற்கிறார்கள்.

புதிய பத்தாண்டு தொடங்குகிறது. 2030க்குள் புதிதாக நூறு குடும்பங்கள், கடன் இல்லாத சேகரம், ஒரு முதியோர் இல்லம் என்று திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் பயமாகவும் இருக்கிறது. திருச்சபைக்கு அடுத்த பத்து வருடம் எப்படி இருக்கும்? எதை எதிர்பார்க்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு குருவானவர்

அன்புள்ள ஐயர் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. 'எங்க ஐயர் வீட்ல கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி' என்று கல்லூரி விடுதியில் நான் சொல்லி, அறைத்தோழன் ஒருவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது ஞாபகம் வருகிறது. பழக்கத்தை மாற்ற முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில்லறை விஷயங்கள். பத்தாண்டு 2020இல் தொடங்கியதா 2021இல் தொடங்குகிறதா என்று ஒரு கோஷ்டி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அதை விடுங்கள். யூடியூபையும் விடுங்கள். நோய்க்குப் பயந்து வீட்டில் இருக்கும் பாட்டியைச் சபையை விட்டுப் போனவள் என்று கணக்கு எழுதாதீர்கள். சுயாதீன சபைகளைப் பற்றி உங்களுக்கு முன்பிருந்த ஐயரும் இதைத்தான் புலம்பினார், அவருக்கு முன்பிருந்தவரும் இதைத்தான் புலம்பினார். தேர்தலைப் பற்றி நான் எழுதினால் வழக்கு வரும், வழக்கைப் பற்றி எழுதினால் தேர்தல் வரும். ஆளை விடுங்கள்.

இத்தனையையும் தள்ளிவிட்டு இந்தக் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதுகிறேன் என்றால், உங்கள் கடிதம் வந்த அன்று நான் அசரியாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1945 ஜனவரி 1ஆம் தேதி, தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லில் இறந்தவர். அதனால் புது வருஷம் பிறந்தாலே எனக்கு அவர் நினைவு வந்துவிடும். திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல், இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். நீங்கள் இறையியல் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள்.

அவரிடம் வருவதற்கு முன்னால் உங்கள் பத்தாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சபைக்குப் பத்தாண்டுகள்மேல் தீராத மோகம். 1988இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள் தொண்ணூறுகளைச் சுவிசேஷப் பத்தாண்டு என்று அறிவித்தார்கள். பத்தாண்டு முடிந்தபோது இங்கிலாந்துத் திருச்சபையில் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள், தொடங்கியபோது வந்தவர்களைவிடக் குறைவு. அதே 1988இல் உலகத் திருச்சபைகள் மன்றம் பெண்களுக்குத் தோழமையாக ஒரு பத்தாண்டை அறிவித்தது. அது 1998இல் முடிந்தது. நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு ஒரு பெண் பேராயர் கிடைக்க அதற்கு மேலும் பதினைந்து வருஷம் ஆனது, 2013இல் ஆந்திராவின் நந்தியாலில். பிறகு வன்முறையை மேற்கொள்வதற்கு என்று 2001 முதல் 2010 வரை ஒரு பத்தாண்டு. முதல் வருஷமே நியூயார்க்கில் கோபுரங்கள் சரிந்தன. அப்புறம் ஆப்கானிஸ்தான், ஈராக்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் கேலிதான். ஆனால் இந்த அறிவிப்புகளை எழுதியவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை, உங்களைப் போலவே ராத்திரி தூக்கம் வராமல் திட்டம் போட்டவர்கள்தான்.

இதற்கெல்லாம் மூத்தது 1910. அந்த ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர் தேறினால் அதிகம். எட்டுக் குழுக்கள் எட்டுத் தொகுதிகளாக அறிக்கை கொடுத்திருந்தன. புள்ளிவிவரங்களும் வரைபடங்களுமாகத் தனியாக ஒரு அட்லஸ் வேறு. எந்த நாட்டில் எத்தனை மிஷனரிகள், எத்தனை பள்ளிகள், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எல்லாம் இருந்தது. இந்தத் தலைமுறைக்குள் உலகம் முழுவதற்கும் சுவிசேஷம் என்பது அந்தக் காலத்து முழக்கம். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. நாலு வருஷத்தில் அந்த மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் நாடுகள் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் கூட்டத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து நின்றார். அசரியாவுக்கு அப்போது 35 வயது. வெள்ளைக்கார மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்களே தவிர சிநேகிதர்களாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பலருக்குச் சங்கடம். அவர் விடவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வார்த்தைகளையே எடுத்துக்கொண்டு முடித்தார். ஏழைகளுக்கு அன்னமிட உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள்.

எட்டுத் தொகுதி அறிக்கையை இன்று யார் புரட்டுகிறார்கள்? அந்தக் கடைசி வரியை மட்டும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். நான் மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன். அதில் ஒரு ஆளின் பேர்கூட இல்லை. 'வாலிபர்கள்' இருக்கிறார்கள். 'குடும்பங்கள்' இருக்கின்றன. 'விசுவாசிகள்', 'எதிர்க்கோஷ்டியினர்', 'வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள்' எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு கிழவி இல்லை. ஒரு குடிகாரன் இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் கோயிலுக்குள் ஓரமாக வந்து ஓரமாகப் போகிற ஒரு பெண் இல்லை. எட்டு மாதமாக ஒரு சேகரத்தில் இருக்கிறீர்கள் ஐயா. எட்டு மாதத்தில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன், கிடைக்கவில்லையா?

கோயில் பூட்டியிருந்தது என்பீர்கள். வீடுகள் பூட்டியா இருந்தன? கிட்டப் போக முடியாது, சரி. தெருவில் நின்று சத்தம் போட்டுப் பேசலாமே.

நூறு குடும்பங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நூறு? தொண்ணூற்றேழு வந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா? தாவீது ராஜா ஜனத்தை எண்ணச் சொன்ன கதையை நீங்கள் எனக்குப் பிரசங்கம் செய்ய வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் சாமுவேல் 24. தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஒன்றும் பக்திமான் இல்லை, கை முழுக்க ரத்தம். அவனே 'இது எதற்கு ராஜாவே' என்று கேட்கிறான். ஒன்பது மாதமும் இருபது நாளும் தேசமெல்லாம் சுற்றி, இஸ்ரவேலில் எட்டு லட்சம், யூதாவில் ஐந்து லட்சம் என்று தொகை கொண்டுவந்து கொடுக்கிறான். தொகை கைக்கு வந்த பிறகுதான் தாவீதின் இருதயம் அவனை வாதிக்கிறது. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், எண்ணிக்கை ஒரு தலைவனை எப்படி ஊரிலிருந்து அரண்மனைக்குள் கொண்டுபோய் உட்காரவைக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் சேகரத்தில் எந்தத் தெருவில் நீங்கள் இன்னும் ஒரு வாய் காபி குடிக்கவில்லை? எந்தத் தெரு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கு ஒரு தெரு அப்படி வைத்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பின சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அசரியா வெள்ளைக்காரனிடம் கேட்டதை அந்தத் தெருக்காரர்கள் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதியோர் இல்லம் அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் ஒரு உபதேசியார் இருந்தார். ஐயர் பக்கத்து ஊரில், எங்கள் சின்னக் கோயிலுக்கு உபதேசியார்தான் எல்லாம். வருஷக் கடைசி ஆராதனையில் வாக்குத்தத்த வசனங்களைக் காகிதத் துண்டுகளில் கையால் எழுதி, சுருட்டி, ஒரு பித்தளைத் தட்டில் வைப்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். நானும் தம்பியும் பிடிக்காத வசனம் வந்தால் மாற்றிக்கொள்வோம்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூரை மாற்றிய கணக்கில் ஏதோ கேட்டிருக்கிறார், சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார்கள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வந்துவிட்டார். மிதிக்கவும் இல்லை. அந்த வருஷக் கடைசிக்கு நாங்கள் நாலு பேரும் அப்பா இல்லாமல் போய்வந்தோம். மறுநாள் காலை ஏழு மணி இருக்கும், உபதேசியார் வந்து சைக்கிளை முருங்கை மரத்தில் சாய்த்தார். அம்மா அடுப்படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள், இன்றைக்குச் சண்டை நிச்சயம் என்று. அவர் திண்ணையில் உட்கார்ந்து கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டார். எங்கள் கன்றுக்கு அப்போது கழிச்சல். அரை மணி நேரம் இரண்டு பேரும் கன்றுக்குட்டியின் கழிச்சலைப் பற்றிப் பேசினார்கள். கருப்பட்டிக் காபியைக் குடித்தார். எழுந்திருக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து, "இது ராத்திரி ஒங்களுக்குன்னு எடுத்தது" என்று சொல்லி, பறந்துவிடாமல் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோயில் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை.

அப்பா வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தார். டம்ளரின் ஈரம் வட்டமாகப் பதிந்து ஒரு பக்கம் மை கலங்கியிருந்தது. என்ன வசனம் என்று எனக்குத் தெரியாது. மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா அந்த வருஷம் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. அடுத்த வருஷமும் ஜனவரி முதல் தேதி உபதேசியார் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார். மாடு, கிணறு, பனையேற ஆள் கிடைக்காதது, எதையாவது பேசுவார். டம்ளருக்கு அடியில் ஒரு சுருள். நாலாவது வருஷம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய கட்டிலையும் தகரப் பெட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியது அப்பாதான்.

இதை எழுதிவிட்டு, அவர் பேரைப் போட்டு முடிக்கலாம் என்று யோசித்தால் பேர் ஞாபகத்துக்கு வரவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தோன்றியது, எனக்கு அது தெரிந்ததே இல்லை. இவ்வளவு நேரம் உங்களைத் திட்டியவன் நான். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உபதேசியாருக்குப் பேரா? அவருக்கு உபதேசியாருன்னுதானல பேரு" என்றாள். பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. மேலத்தெருவில் ஒரு சித்தி இருக்கிறாள், விடிந்ததும் கேட்டுச் சொல்லுதேன் என்றாள்.

இன்னும் கூப்பிடவில்லை.