வீட்டில் ஹை-ஃபை ஒலி அமைப்பு வைத்திருப்பவர்களே, நண்பர்களும் குடும்பத்தாரும் அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள்? அவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா?

தெரிகிறது. ஆனால் அதை நம்முடைய சொற்களில் அவர்கள் சொல்வதில்லை என்பதால், நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு இது புரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வந்தவர்கள் சொன்னது சரியாகவும், அவர்களுக்கு நான் கொடுத்த விளக்கம் தவறாகவும் இருந்தது.

என்னிடம் இருப்பது எளிய ஸ்டீரியோ அமைப்புதான்: தரையில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் தாழ்வான மேசைமேல் ஓர் ஆம்ப்ளிஃபயர், அதன்மேல் ஒரு சிடி பிளேயர். ஒருமுறை அறையைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் நகர்த்தித் திரும்ப வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் கையை விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயர்களை மாட்டி முடித்துவிட்டுக் கேட்டபோது, ஒலி முன்பைவிட வெகுவாக அகன்றுவிட்டதாகத் தோன்றியது. வயலின்கள் ஸ்பீக்கர்களுக்கு வெளியே, சுவரையும் தாண்டி ஒலித்தன. ஸ்பீக்கர்களைச் சற்றுத் தள்ளி வைத்ததன் பலன் இது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன்.

முதலில் மாட்டிக்கொண்டவன் என் பள்ளி நண்பன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "பேஸ் எங்கடா போச்சு?" என்றான். பாட்டின் அடியில் அதிரும் தாழ்ந்த ஒலியைத்தான் கேட்டான். தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சவுண்ட் பாரும் மூலையில் பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபரும் வைத்திருப்பவன் அவன். திடும் திடும் என்று அதிர்ந்தால்தான் அவனுக்குப் பாட்டு என்பது என் எண்ணம். ஆகவே அவனுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காதுகளுக்குத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட மிகவும் மங்கலாகவே கேட்கும் என்பதையும், 1933-ஆம் ஆண்டிலேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வளைகோடுகளாக வரைந்துவிட்டார்கள் என்பதையும், பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருந்ததற்கு அதுவே காரணம் என்பதையும் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "சரி, அப்படின்னா கூட்டி வை" என்றான். கூட்டினேன். "இப்பவும் இல்லையே" என்றான். பேச்சை மாற்றிவிட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு தகவலும் உண்மைதான். அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் அல்ல.

அப்பாவின் கருத்து வேறு விதமானது. "பழைய ரேடியோவுல வார்த்தை தெளிவா இருக்கும்" என்றார். வயது ஏற ஏற மேல் சுருதிகள் காதுக்கு எட்டாமல் போவது இயல்பு என்பதால், இதையும் அவருடைய காதின் கணக்கில் எழுதிவிட்டேன். இதிலும் பாதிதான் உண்மை. மத்திய அலை வானொலியில் மேல் சுருதிகளும் வராது, ஆழமான பேஸும் வராது. மிஞ்சுவது பெரும்பாலும் பேச்சு புரிவதற்குத் தேவையான நடுப்பகுதிதான். அது ஒரே ஸ்பீக்கரிலிருந்து நேராக வந்து விழும்போது சொல் தெளிவாகத்தான் இருக்கும். அவர் ஒப்பிட்டது ஏக்கத்தினால் அல்ல.

என் மனைவியின் புகார் ஒலியைப் பற்றியதே அல்ல. "ஒரு பாட்டையாவது முழுசாக் கேக்க விடுறீங்களா?" என்றாள். நியாயம்தான். 'இந்த இடத்தைக் கவனி', 'இப்போது இடதுபக்கம் ஒரு மணி வரும்' என்று நான் நடுநடுவே நிறுத்திக்கொண்டிருந்தேன். இப்படிக் காட்டும்போது எதிரில் இருப்பவர் பாட்டைக் கேட்பதில்லை. நம் முகத்தைப் பார்த்து, என்ன சொன்னால் விடுவோம் என்று யோசிக்கிறார். 'சூப்பர்', 'தியேட்டர் மாதிரி இருக்கு' என்று எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் பெரும்பகுதி அந்த வகைதான் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் காட்டும்போது எனக்குப் பிடித்ததை ஒரு பொட்டு கூடுதல் ஒலியில் வைக்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. வித்தியாசம் ஓரிரு டெசிபலுக்குள் இருந்தால், கேட்பவர் 'சத்தம் அதிகம்' என்று சொல்லமாட்டார். 'இது நன்றாக இருக்கிறது' என்றே சொல்வார்.

குட்டை உடைத்தவள் தங்கை. ஒலிக் கருவிகளில் அவளுக்குத் துளியும் ஆர்வம் கிடையாது. நடு இருக்கையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கேட்டவள், "பாடுறவர் எங்கண்ணா நிக்கிறார்?" என்று கேட்டாள். நடுவில் என்றேன். இல்லை, எல்லாப் பக்கமும் இருக்கிறார், தலைக்குப் பின்னாலும் இருக்கிறார், உட்கார்ந்திருந்தால் தலைக்குள் ஏதோ அழுத்துகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கும் ஒரு வகுப்பு எடுக்க வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை, பேஸ் இல்லை, ஒலி சுவரைத் தாண்டி விரிகிறது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் விசாலம் அல்ல, ஒரு ஸ்பீக்கரின் ஒயர்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயர் முனைகளை அதிலிருந்து கழற்றினேன். வெள்ளைக் கோடு போட்ட ஒயர் சிவப்பு முனைக்கு என்பது என் வழக்கம். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை அந்த ஒயரிலும் எதிர்முனையை மற்றதிலும் ஒரு கணம் தொட்டால், ஸ்பீக்கரில் பேஸை ஒலிக்கும் பெரிய வட்டமான வூஃபரின் கூம்பு 'டப்' என்று முன்னால் வர வேண்டும். வலது ஸ்பீக்கரில் வந்தது. இடது ஸ்பீக்கரில் கூம்பு உள்ளே போயிற்று. நகர்த்தியபோது அந்த ஸ்பீக்கரின் முதுகிலிருந்தும் ஒயரைக் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டும்போது இடம் மாற்றிவிட்டிருக்கிறேன்.

ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் மற்றது இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். சில அடி இடைவெளியில் நிற்கும் இரு ஸ்பீக்கர்கள் அந்த அலைக்கு ஏறத்தாழ ஒரே இடம்தான், ஆகவே பேஸ் பெருமளவு கழிந்துவிடும். மேல் சுருதிகளின் அலைகள் மிகச் சிறியவை என்பதால் அவை அப்படி அழியாமல் தாறுமாறாகச் சிதறுகின்றன. அந்தச் சிதறலைத்தான் நான் விசாலம் என்று கொண்டாடியிருக்கிறேன். நடுவில் ஒரு பெட்டியும் இல்லாமலே குரல் நடுவில் நிற்பது, இரண்டு ஸ்பீக்கர்களும் அதை ஒரே மாதிரி ஒலிப்பதால்தான். 1931-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் ப்ளும்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்ததிலிருந்து இன்றுவரை எல்லாமே இரண்டு காதுகளையும் ஏமாற்றும் இந்த வித்தையின்மேல் நிற்கிறது. இடது ஸ்பீக்கர் மாறிப் பேசியதும் வித்தை கலைந்துவிட்டது.

ஒயரைச் சரிசெய்தபின் நண்பனை மறுபடியும் வரச் சொன்னேன். காரணத்தைச் சொல்லாமல் அதே இரண்டு பாட்டுகளைப் போட்டேன். "இப்ப இருக்கு" என்றான், அவ்வளவுதான். ஃப்ளெட்சர், மன்சன் இருவர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவின் தீர்ப்பில் மாற்றமில்லை. அவர் எப்போதும் இடது ஸ்பீக்கரை ஒட்டிய நாற்காலியில்தான் அமர்வார். அருகில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி சில மில்லி வினாடிகள் முந்தி வந்துவிடுவதால், அந்த இடத்தில் எந்த அமைப்பும் ஒற்றை ஸ்பீக்கர்தான். நடுவில் வந்து உட்காரச் சொன்னால், அங்கே முதுகு வலிக்கிறது என்கிறார்.

அடுத்த முறை தங்கை தன் ஐந்து வயது மகனை அழைத்து வந்தாள். இந்த முறை நான் எதையும் சுட்டிக்காட்டவில்லை. பாட்டு தொடங்கியதும் அவன் இருக்கையை விட்டு இறங்கி, நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போய் அதன் முகப்பில் காதை வைத்தான். ஒன்றும் கேட்காததால் காதை எடுத்து, மறுகாதை வைத்துப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து, நடு இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க தள்ளிக்கோங்க, நான் இங்கதான் உக்காந்திருந்தேன்" என்றான்.