நீட் மாதிரித் தேர்வில் இயற்பியலிலேயே நேரம் போய்விடுவது குறித்து

வணக்கம். மாதிரித் தேர்வில் உங்கள் மகள் முதலில் வரும் இயற்பியல் கணக்குகளிலேயே நேரத்தைச் செலவிட்டு, நன்கு தெரிந்த உயிரியலை முடிக்காமல் வருவதாக எழுதியிருந்தீர்கள். 180 நிமிடங்களில் 180 வினாக்கள். அவற்றில் 90 உயிரியல். தொடக்கத்திலேயே கடினமான வினாக்கள் அடுத்தடுத்து வந்தால், நேரம் போவதோடு, தனக்கு எதுவுமே தெரியவில்லை என்ற பதற்றமும் பிள்ளையைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் தொடரும். வினாத்தாளின் வரிசையிலேயே எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உயிரியலை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: வினாவைத் தாண்டிச் செல்லும்போது விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டால், தெரிந்த விடைகளும் தவறாகி, ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் கழிக்கப்படும். வட்டத்தை நிரப்புமுன் வினா எண்ணை விரலால் தொட்டுப் பார்க்க இப்போதே பழக்குங்கள்.