போனிலேயே படம் எடுக்கலாமே, இன்னும் எதற்குப் பிலிம் கமரா? வன்னி வெக்கையில் இது சரிவருமா?

சரிவரும். மீன்காரரிடம் கொஞ்சம் ஐஸ் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சுலபம், அதை முதலில் சொல்லி விடுகிறேன். நான் இருப்பது இலங்கையின் வடக்கில், வன்னியில், பரந்தன் பக்கம். எங்களில் நாலு பேர் பிலிமில் எடுக்கிறோம். ஒருவர் மல்லாவி, ஒருவர் புதுக்குடியிருப்பு, மற்றவர் வவுனியாவில் இருக்கும் ஸ்ரூடியோ ஐயா. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கூடுவோம். சேர்ந்திருக்கும் றோல்களைக் கழுவுவதும் (மருந்தில் போட்டுப் படத்தை வரவைப்பது), போன முறை கழுவியதை வைத்துச் சண்டை பிடிப்பதும்தான் வேலை.

கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 பாகை செல்சியஸில் கழுவச் சொல்லித்தான் வழக்கமாகப் போட்டிருக்கும். இல்போர்ட் எச்பி5 பிலிமை டி-76 என்ற டிவலப்பரில், அதாவது படத்தை வரவைக்கும் மருந்தில், தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 பாகையில் ஏழரை நிமிடம். 24 பாகை என்றால் அது 5 நிமிடமளவுக்கு இறங்கும். சித்திரை வைகாசியில் எங்கள் தாங்கித் தண்ணீர் 30 பாகைக்குக் கீழே வருவதே இல்லை. அந்தச் சூட்டில் மருந்து வேகமாக ஓடிவிடும், சீராகப் பரவ நேரம் போதாது, வானம் திட்டுத் திட்டாக வரும். அதனால்தான் ஐஸ். காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வரும் அண்ணை முதல்நாள் "ஐஸ் மட்டுமோ? மீன் வேண்டாமோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது ஞாயிறு என்றால் கேளாமலே ஒரு பையில் கட்டித் தருகிறார். ஐஸை மருந்துக்குள் போடக்கூடாது. வாளித் தண்ணீரில் போட்டு, அதற்குள் போத்தல்களை நிறுத்த வேண்டும். டிவலப்பர், வந்த படத்தை நிலைக்க வைக்கும் பிக்ஸர், கழுவுகிற தண்ணீர் மூன்றும் ஒரே குளிரில் இருக்க வேண்டும். மீன் வாடை பிலிமில் ஏறாது. அம்மாவின் வாளியில் ஏறும், அதற்கு வேறாகப் பேச்சு வாங்க வேண்டும்.

கலர் பிலிம் நேர்மாறு. சி-41 முறையில் டிவலப்பர் 37.8 பாகையில் இருக்க வேண்டும், 3 நிமிடம் 15 செக்கன். குளிர்நாட்டில் இருப்பவர்கள் இதற்கென்று ஹீற்றர் வாங்குகிறார்கள். எங்களுக்குக் கறுப்பு பிளாஸ்ரிக் வாளியை ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்தால் போதும். அந்த ஒரு விஷயத்தில் வன்னி வெயில் எங்கள் பக்கம்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் வைத்தாலே அடியில் வெள்ளையாகப் படியும். அதிலேயே கடைசியாக அலசிக் காயவிட்டால் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். இப்போது மாரியில் பிடித்த மழைத்தண்ணீரைப் போத்தல்களில் வைத்திருக்கிறோம், கடைசி அலசலுக்கு மட்டும். காயப் போடுவது குளியலறையில். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் வெளியே கட்டினால் ஒழுங்கைப் புழுதி முழுக்க ஈரப் பிலிமில்தான் வந்து குந்தும். சுவருக்கு நாலு கோப்பை தண்ணீர் அடித்து, புழுதியை அடக்கிவிட்டுத்தான் பிலிமைக் கட்டுவோம்.

ஏன் இந்தப் பாடு, கடையில் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேன். என்னுடைய முதல் கறுப்பு வெள்ளை றோலை வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு கண்ணாடி மாதிரி வெறும் பிலிம் வந்தது. ஓரத்தில் இருக்கும் எழுத்துக்கூட இல்லை. கலர் மருந்துக்குள் போட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்தான். கலர் முறையில் சாயம் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதால் கடைசியில் வெள்ளியை முழுதாகக் கழற்றி விடுவார்கள். வெள்ளி போனால் எங்கள் படமும் போச்சு. நின்ற பெடியனைக் குறை சொல்லி என்ன, அவன் அப்படியொரு றோலைக் கண்ணாலேயே கண்டிருக்க மாட்டான். நீங்கள் கடையைத்தான் நம்ப வேண்டும் என்றால் இல்போர்ட் எக்ஸ்பி2 வாங்குங்கள், கறுப்பு வெள்ளைதான், ஆனால் கலர் மருந்தில் கழுவுவதற்கென்றே செய்தது.

பிலிம் எங்கே கிடைக்கும் என்றால், எங்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பையில். மாமி சொக்லேட் கொண்டுவரும்போது நாலு றோலும் கொண்டுவருவா. கையில் கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள், பெரிய பெட்டிக்குள் வேண்டாம். பெட்டிகளுக்குப் போடும் எக்ஸ்ரே பிலிமைப் புகைமூட்டமாக்கி விடும். சில விமான நிலையங்களில் கைப்பைக்கும் சி.ரி. (CT) ஸ்கானர் வந்துவிட்டது, அதுவும் பிலிமைக் கெடுக்கும், அங்கே பிலிமை வெளியே எடுத்து, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மாமிக்கு இது வெட்கம். இருந்தாலும் கேட்கிறா.

என்னுடைய கமரா ஸெனித் ஈ. சோவியத் காலத்துச் சாமான், கழுத்தில் ஒரு மணித்தியாலம் தொங்கினால் பிடரி நோகும். 58 மில்லிமீற்றர் ஹேலியோஸ் லென்ஸ். பற்றரி தேவையே இல்லை. ஸ்ரூடியோ ஐயா அதைத் தந்ததற்கே அதுதான் காரணம். 90களில் அவர் புதுக்குடியிருப்பில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த நாட்கள், வன்னிக்குள் பற்றரி வர விடமாட்டார்கள், சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. பற்றரி கேட்கிற கமரா எல்லாம் அலுமாரிக்குள் போக, இந்தப் பாரம்தான் வேலை செய்தது என்பார். இதில் ஒளி அளக்கும் செலீனியம் மீற்றர் வயதாகிச் செத்துவிட்டது. பரவாயில்லை. நல்ல வெயிலில் லென்ஸின் வாய் எஃப் 16 (எண் கூடினால் வாய் சிறுக்கும்), ஷட்டர் வேகம் பிலிம் பெட்டியில் போட்டிருக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்ட. 400 பிலிம் என்றால் 1/500 செக்கன். மரநிழலுக்குப் போனால் எஃப் 5.6. வன்னியில் வருடத்தில் முக்கால்வாசி நாள் இதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டைகளில் பெரியது இந்த ஒளியைப் பற்றியதுதான். போனில் ஒரு பக்கம் முழு வெள்ளையாகத் தெரிய விட்டு, அதற்கு மேல் நெகட்டிவைப் பிடித்துப் பார்ப்போம். மல்லாவிக்காரன் கோயில் படங்களில் எப்போதும் வேட்டியைப் பார்த்து ஒளி வைப்பான். வேட்டி மடிப்பு மடிப்பாக அழகாக இருக்கும், கட்டியிருக்கிற மனுசனின் முகம் நெகட்டிவில் வெறும் கண்ணாடி. அங்கே ஒன்றும் பதியவில்லை என்று அர்த்தம், எந்தக் கொம்பனாலும் பிறகு எடுக்க முடியாது. ஐயா ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார்: "வேட்டியைப் பார்க்காதை தம்பி, முகத்தைப் பார்." வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்ரொப் வரைக்கும் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தாங்கும், குறைந்தால் தாங்காது. போனில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம், வர நாளெடுக்கும்.

சரி, என் பங்குக்கும் ஒன்று. ஒரு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இரவு முழுக்க நின்று 36 படம் எடுத்தேன். 37, 38 என்று போய்க்கொண்டே இருந்தது. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். பிலிமின் நுனி சுருளில் கொளுவவே இல்லை. நான் இழுத்ததெல்லாம் காற்று. பிலிம் போட்டதும் இரண்டு முறை இழுத்து, இடப்பக்கம் இருக்கும் திருப்பிச் சுற்றுகிற குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் மூடியைத் திறந்து திரும்பப் போடுங்கள். இந்தப் பதிலில் ஒரு வரி மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இனி எதற்கு என்ற கேள்வி. படத்தில் தெரியும் பொடிப் பொடிப் புள்ளி, நிறம், அந்தக் காலத்து அழகு என்று மற்றவர்கள் சொல்வதில் பிழையில்லை. உலகத்தில் பிலிம் திரும்பி வந்ததும் உண்மைதான். 2012இல் வங்குரோத்து என்று கோட்டுக்குப் போன கொடாக் இன்னும் பிலிம் விற்கிறது, 2024இல் பென்டக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கமராவே விட்டது, 36 படம் எடுக்கும் ஒரு றோலில் 72 அரைப்படம் எடுக்கலாம். எனக்கு அதை வாங்க வசதியில்லை. ஆனால் எங்கள் காரணம் வேறு.

எங்கள் ஊரைப் படம் எடுத்தவர்கள் கனபேர். 2002இல் போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு வந்தார்கள், 2009இல் போர் முடிந்த பிறகும் வந்தார்கள். படம் ஊருக்குத் திரும்பி வந்தது அருமை. பழைய கமராவோடு இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் இப்போதும் முதல் கேள்வி "எந்த நிறுவனம்?" என்பதுதான். சின்னப் பிள்ளைகள் கேட்பது வேறு. படம் எடுத்த மறு செக்கன் "காட்டுங்கோ அண்ணை, பாப்பம்" என்று கமராவுக்குப் பின்பக்கம் ஓடி வருவார்கள். அங்கே கறுப்பு மூடிதான் இருக்கும். ஒருவன் அதைத் தட்டிக்கூடப் பார்த்தான். காட்ட முடியாது, கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் செய்யத்தானே வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: ஆள் இருக்கும் படம் என்றால் ஒரு பிறின்ற் அந்த ஆளுக்குப் போக வேண்டும். போன் காலத்தில் நான் எடுத்த ஆயிரக்கணக்கான படத்தில் ஒன்றைக்கூட இப்படிக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அந்தப் போன் தண்ணீருக்குள் விழுந்ததோடு அவையும் போயின.

இப்படிப் படம் கொடுக்கப் போன இடத்தில்தான் எங்கள் ஒழுங்கை அம்மா ஒரு பால்மா ரின்னை எடுத்துவந்தா. "தம்பியவை, இதில என்ன படம் எண்டு பாத்துச் சொல்லுவியளோ?" 2008இல் போருக்குப் பயந்து வெளிக்கிட்டு ஓடும்போது கல்யாண அல்பத்தைப் பாரம் என்று வீட்டிலேயே விட்டிருக்கிறா. ரின்னில் பிறப்புச் சான்றிதழும் காணிப் பெர்மிற்றும் இருந்ததால் ரின் மட்டும் கூடவே போயிருக்கிறது, கடைசிப் போர் நடந்த மாத்தளன் கடற்கரை வரைக்கும், பிறகு முகாமுக்கும். அடியில், ஸ்ரூடியோக் கடதாசி உறைக்குள், கல்யாணத்து நெகட்டிவ் துண்டுகள் ஆறு. ஈரம் பட்டுக் காய்ந்து ஒன்றோடொன்று பலகை மாதிரி ஒட்டிப் போயிருந்தன.

ஒட்டிய நெகட்டிவை இழுக்கக்கூடாது. இழுத்தால் படம் இருக்கும் தோல் உரிந்து மற்றதில் ஒட்டிக்கொண்டு வரும். குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். ஐயா மழைத்தண்ணீர்தான் வேண்டும் என்று நின்றுகொண்டார். இரண்டு மணித்தியாலத்தில் முதல் துண்டு கழன்றது, பின்னேரத்துக்குள் நாலு. ஒன்றில் மூலை தின்றிருந்தது, மற்ற மூன்றும் நல்லாயிருந்தன. கறுப்பு வெள்ளை என்பதால் சாயம் மங்குகிற பிரச்சினையும் இல்லை.

காயவைத்து, போனில் படம் பிடித்து, நிறத்தைத் திருப்பிக் காட்டினோம். பொம்பிளை மாப்பிள்ளை இருந்த படத்தை அவ சும்மா தள்ளிவிட்டுப் போனா. பந்தல் காலுக்குப் பக்கத்தில் தாம்பாளத்தோடு ஒரு மனுசன், பாதி முகம் வாழைமரத்தில் மறைந்து நிற்கிற படத்தில் நின்றா. அவவின் அப்பா. அவரின் வேறு படம் ஒன்றும் மிஞ்சவில்லையாம். பெரிதாக அடித்துத் தரச் சொன்னா, அடித்துக் கொடுத்தோம்.

மிச்சம் இரண்டு துண்டு இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் முடிந்துவிட்டது, ஐயா கிணற்றுத் தண்ணீரில் போட விடவில்லை. ஐப்பசி மழை வரட்டும் என்று ரின்னைத் திரும்ப அவவிடமே கொடுத்திருக்கிறோம்.