பழைய தொழிற்சாலையை மாற்றிக் கட்டிய டிசைன் ஹோட்டலில் தங்குவது எப்படி இருக்கும்? கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஒரு தடவை மூன்று இரவு தங்கியிருக்கிறேன், நெசவாலையாக இருந்த கட்டடத்தில். பார்க்கத் தகும். தூங்கத் தகுமா என்பது எந்த அறை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

உள்ளே போனதும் வாயைப் பிளந்தேன், மறைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வார்ப்பிரும்புத் தூண். பெயின்ட் உரிந்த இடத்தில் பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் கறுத்த இரும்பு. இரண்டாம் நாள் ராத்திரி மழை பிடித்தது, தூணுக்குள்ளிருந்து கொடகொடவென்று சத்தம். விசாரித்தால், இந்த மாதிரித் தூண்கள் உள்ளே வெற்றாக இருக்குமாம். கூரைத் தண்ணீரை இறக்குகிற குழாயும் அதுவேதானாம். கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று லேசாக அதிர்ந்தது. கொடுத்த காசு அந்த நிமிஷத்துக்குச் சரியாகப் போய்விட்டது.

ஆனால் கூரை ரம்பப்பல் மாதிரி இருக்கும் வகை. மின்விளக்கு பரவாத காலத்தில் நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டுமே, அதற்காகக் கூரையிலேயே கண்ணாடி பதித்தார்கள். பூமியின் வட பாதியில் அதை வடக்குப் பார்த்து வைத்தால் நேர் வெயில் விழாது, நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைக்கும். நெய்கிறவருக்கு வரம், தூங்குகிறவனுக்கு வினை. பக்கவாட்டு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருந்தார்கள், தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஐந்தரைக்கெல்லாம் முகத்தில் விடியல். ரிசப்ஷனில் சொன்னதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும் பட்டி ஒன்று கொடுத்தார்கள், அதிலும் ஹோட்டல் சின்னம்!

அப்புறம் சத்தம். வெளிச்சுவர் கனமான செங்கல்தான், ஆனால் பெரிய கூடத்தைத் துண்டு போட்டு அறையாக்கியது மெல்லிய பலகைத் தடுப்புகளால். தரை வெறும் கான்கிரீட், கூரையோ உயரம், சத்தத்தை உறிஞ்ச எதுவும் கிடையாது. பக்கத்து அறைக்காரருக்கு இருமல் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

எல்லாக் கட்டடமும் இப்படி இல்லை. அமெரிக்காவின் ஆக்ரனில் ஓட்ஸ் கொட்டிவைத்த சைலோக்களை, அதாவது உயரமான உருளைத் தானியக் கிடங்குகளை, 1980இல் ஹோட்டலாக்கினார்கள், 24 அடி விட்டத்தில் வட்ட வட்டமான அறைகள் இருந்தன (அலமாரியை எந்தச் சுவரோடு ஒட்டி வைத்தார்களோ!). கேப் டவுனில் 1924இல் கட்டி முடித்த தானிய சைலோவில் கீழே கலை அருங்காட்சியகம், மேலே கோபுரத்தில் ஹோட்டல். அந்த அருங்காட்சியகமும் ஹோட்டலும் 2017இல் திறந்தவை.

பதிவு செய்யும் முன் கூரைக் கண்ணாடிக்குத் திரை உண்டா, பழைய சுவரை ஒட்டிய ஓரத்து அறை கிடைக்குமா என்று கேளுங்கள். குடும்பத்தோடு போனால் குளியலறைக்குக் கதவு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். எனக்குக் கண்ணாடித் தடுப்பு மட்டும்தான் இருந்தது, தனியாகப் போனதால் தப்பித்தேன்.