கன்னி நாயும் முயல் கூண்டும்: கம்பி தடுப்பது பல்லை மட்டும்தான்

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி, கம்பிக் கூண்டில் நியூசிலாந்து வெள்ளை முயல் ஆறு பெண்ணும் ரெண்டு ஆணும் வளர்க்கிறேன். மகள் தனக்கென்று ஒரு முயலை வீட்டுக்குள்ளேயே விட்டு வளர்க்கிறாள். தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனதால் அவனுடைய மூன்று வயதுக் கன்னி இன நாய் இப்போது எங்களிடம். வந்து இருபது நாள் ஆகிறது. கூண்டை ஒரு தடவைகூடக் கடித்ததில்லை, குரைப்பதும் இல்லை. சாதுவாகக் கூண்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு பெண் முயல் திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. உடம்பில் காயம் இல்லை. இன்னொன்று முதல் ஈற்றில் போட்ட ஆறு குட்டிகளில் நாலைத் தின்றுவிட்டது. நாய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? பழக்கினால் சரியாகுமா, இல்லை நாயை வேறு இடத்துக்கு அனுப்பிவிடவா?

பதில்: சம்பந்தம் உண்டு என்றுதான் சொல்வேன். நாயை அனுப்ப வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். ஆனால் ‘சாதுவாகக் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்த வரியில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் காலை இழுக்கும் முயலைப் பார்ப்போம். முயலின் எலும்பு மிக லேசு. மொத்த எடையில் எலும்புக்கூடு எட்டில் ஒரு பங்குகூட வராது. பின்னங்கால் சதையோ அதற்குப் பொருந்தாத பலம். மிரண்டு கூண்டுக்குள் ஓங்கி உதைத்தால், அந்த உதையின் வேகமே இடுப்புக்குப் பக்கத்தில் அதன் முதுகெலும்பை முறித்துவிடும். வெளியே கீறல்கூட இருக்காது. எதிரே வந்து நின்ற நாய் கம்பியைத் தொட்டிருக்கவே வேண்டாம். அந்த முயலை அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். தட்டையான பலகையில் துண்டை விரித்துப் படுக்க வைத்து, அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கால்விரல் இடுக்கைக் கிள்ளினால் உணர்ச்சி இருக்கிறதா, சிறுநீர் தானாக ஒழுகுகிறதா என்று பார்ப்பார். உணர்ச்சி இருந்தால், நரம்பைச் சுற்றிய வீக்கம் வடிந்து சில வாரங்களில் தேறவும் கூடும். உணர்ச்சியும் இல்லை, சிறுநீரும் ஒழுகுகிறது என்றால் வைத்திருந்து வதைக்க வேண்டாம்.

குட்டி தின்ற கதைக்குக் காரணம் ஒன்றாக இருக்காது. தலையீற்று, ஈனும் நேரத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது, குட்டி ஈனும் பெட்டியைத் தாமதமாக வைத்தது, எல்லாமே இதில் சேரும். ஆனாலும் சினை முயலின் கூண்டுக்கு அடியில் வேட்டை நாய் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பது எல்லாவற்றையும் மோசமாக்கும். முயல் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கிறது; கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் முயல் நாளைக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். மிச்ச நேரம் கூட்டை விட்டு ஒதுங்கியே இருக்கும், எதிரிக்கு இடம் தெரியக் கூடாது என்று. எதிரி கூட்டுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தால் அந்தத் தாய் எங்கே ஒதுங்கும்?

உங்கள் நாயின் கதைக்கு வருவோம். ‘முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா’ என்று கேலியாகத்தான் சொல்வார்கள். கன்னி விஷயத்தில் அது அப்படியே பாடம். கன்னியும் சிப்பிப்பாறையும் உங்கள் கரிசல் காட்டில் முயல் விரட்டவே வளர்த்து வந்த இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். ஆனால் நாயின் ரத்தம் அரசிதழ் படிப்பதில்லை. குரைக்காமல், அசையாமல் ஒரே இடத்தில் கிடப்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த இனத்தில் அது பெரும்பாலும் குறி வைப்பதுதான்.

நாளைக் காலை ஒரு பத்து நிமிடம் தள்ளி நின்று அதைக் கவனியுங்கள். வாய் மூடி, காது முன்னால் விடைத்து, கண் சிமிட்டாமல் ஒரு முயலையே பார்க்கிறதா? வால் முதுகுக்கு நேராக விறைத்திருக்கிறதா, ஒரு முன்னங்கால் லேசாகத் தூக்கியிருக்கிறதா? அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பிடித்த தின்பண்டத்தை நீட்டுங்கள். திரும்பாமல், தின்னாமல் நின்றால் அதன் மனம் வேட்டையில் இருக்கிறது. வாய் திறந்து மூச்சு வாங்கி, அங்கே இங்கே பார்த்து, கூப்பிட்டதும் வாலாட்டி வந்தால் பாதி பயம் தீர்ந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய்களுக்கு முயல் புழுக்கை பிரியமான தீனி. உங்கள் நாய் அடியில் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தினமும் கூட்டி அள்ளினாலே பாதி ஈர்ப்பு போய்விடும்.

முயல் பக்கமும் இப்படித்தான். அசையாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பழகிவிட்டது என்று நினைப்போம்; அது பயத்தில் உறைந்திருக்கும். பின்னங்காலால் தரையை டொம்மென்று தட்டுவது எச்சரிக்கை. வேலிமசால் தீவனத்தைப் போட்டும் முகர்ந்து பார்க்காமல் இருப்பதும், புழுக்கை சிறுத்துக் குறைவதும் அதைவிட மோசமான அறிகுறி. அரை நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாத முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றுபோகும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சாய்ப்பைச் சுற்றி ஆறடி உயரத்துக்கு வெல்டு மெஷ் வேலி போட்டு, ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள். கோழி வலை வேண்டாம், நாய் பல்லுக்கு அது நூல் மாதிரி. நாலடி வேலியைக் கன்னி தாண்டிவிடும். வேலியின் கீழ்ப்பகுதியில் மூன்று அடிக்கு ஓலைத் தட்டி கட்டுங்கள். முயலுக்கு நாய் தெரியக் கூடாது, நாய்க்கு முயல் தெரியக் கூடாது. மேலே திறந்தே இருக்கட்டும். உங்கள் பக்கத்து வெயிலில் காற்று அடைபட்டால் நாய் செய்யாததை வெக்கை செய்துவிடும். நாயை வாசல் பக்கமோ மாட்டுக் கொட்டகைப் பக்கமோ கட்டுங்கள். தெரு நாயும் கீரியும் வராமல் காக்க அது அங்கிருந்தே போதும். காலையில் நன்றாக ஓட விட்டுக் களைக்க வையுங்கள்.

மகளின் முயலுக்குத் தனி அறை, மூடிய கதவு. இரண்டு மாதக் குட்டி நாயாக வந்திருந்தால் வாரில் பிடித்து, முயலைக் கூண்டில் வைத்து, தினம் பத்து நிமிடமாகப் பழக்கச் சொல்லியிருப்பேன். அந்த வயதில் பார்த்ததைக் குடும்பமாக எடுத்துக்கொள்ளும். மூன்று வயதில், அதுவும் தம்பி அதைக் காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால், அந்த ஆசை வேண்டாம். எட்டு மாதம் ஒற்றுமையாக இருந்த ஜோடி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முயல் எதற்கோ மிரண்டு முற்றத்தில் ஓடியது, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த முயலை அந்த நாய்க்குத் தெரியும், ஓடுகிற முயலைத் தெரியாது.

பலர் யோசிக்காத ஒன்று நாடாப்புழு. நாயின் குடலில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை மலத்தில் வெளியேறிப் புல்லில் ஒட்டும். அந்தப் புல்லைத் தின்ற முயலின் ஈரலிலும் குடல் சவ்விலும் பட்டாணி அளவு நீர்க்கொப்புளம் கட்டும். அறுத்த முயலின் குடலை நாய்க்குப் பச்சையாகப் போட்டால் வட்டம் முழுமையாகிவிடும். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பிராசிகுவாண்டெல் கலந்த மாத்திரையை எடைக்குத் தகுந்தபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குக் கொடுங்கள். நாய் மலம் கழிக்கும் இடத்தில் தீவனம் அறுக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும்.

மருந்திலும் ஒரு கவனம். உண்ணிக்கு நாய் முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். நாய்க்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மாத்திரையை ‘கொஞ்சம் உடைத்து’ முயலுக்குக் கொடுத்தால், குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்துக் கழிச்சலில் முயல் போய்விடும்.

குட்டி தின்ற முயலை இப்போதே கழித்துவிட வேண்டாம். தட்டி கட்டி முடித்து, உடம்பு தேறியபின் இணை சேருங்கள். 28ஆம் நாளே பெட்டியை வைத்துவிடுங்கள், ஈனும் அன்று இரவு தண்ணீர் தீராமல் பாருங்கள். அப்போதும் தின்றால் இறைச்சிக்கு அனுப்பிவிடலாம்.